எழும்பாத மா

போன நத்தாருக்கு முதல் நாள் இனிப்புப் பணிஸ் சுட மா குழைத்தேன். வாசமாக இருக்கட்டும் என்று, லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்தில் பறித்துப் படங்கில் காயவைத்த கராம்பை இடித்து மூன்று தேக்கரண்டி போட்டேன். எங்கள் கலஹா மலைக் குளிரில் மா எப்போதும் மெதுவாகத்தான் பொங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத் துணியால் மூடினேன். இரண்டு மணித்தியாலம் கழித்தும் வைத்தது வைத்தபடியே கிடந்தது. அதே ஈஸ்டில் கராம்பு சேர்க்காமல் பிசைந்த சின்ன உருண்டையோ கிண்ணத்தை நிறைத்திருந்தது.

கராம்பு எண்ணெயில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் இயூஜினோல் என்ற ஒரே பொருள். ஈஸ்டைப் பள்ளிப் புத்தகம் மதுவம் என்று சொல்லும். ஒற்றைக் கலத்தாலான பங்கசு. கலச்சுவருக்கு உள்ளே மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று, எது வரலாம் எது போகலாம் என்று காவல் நிற்கிறது. இயூஜினோல் கொழுப்போடு சேரும் குணமுள்ளது. சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டைத் தளர்த்துகிறது. உள்ளே சேர்த்துவைத்த பொட்டாசியம் கசிந்து போகிறது. பங்கசுச் சவ்வுக்கு உரம் தரும் எர்கோஸ்டெரோல் உருவாவதையும் இயூஜினோல் தடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கொஞ்சம் பட்டால் மதுவம் தளர்ந்து, மாவைப் பொங்கவைக்கும் காபனீரொட்சைட்டு விடுவது குறையும். அதிகம் பட்டால் செத்துவிடும்.

நம் சவ்வில் எர்கோஸ்டெரோலுக்குப் பதில் இருப்பது கொலஸ்திரோல். என்றாலும் தனிக் கராம்பு எண்ணெய் நம் ஈறையும் எரிக்கும். பல்வலிக்கு அம்மாயி எண்ணெய் தேடியதில்லை. ஒரு முழுக் கராம்பைக் கடைவாயில் அடக்கச் சொல்வார். மெல்ல மெல்ல ஊறி இறங்கும் அந்த அளவை அவர் எப்படிக் கண்டார் என்று இன்றும் வியக்கிறேன்.

இந்த மலையில் பங்கசு என்றாலே எனக்குக் காப்பிதான் நினைவுக்கு வரும். 1869இல் இலங்கையில் தெரியவந்த இலைத்துரு என்ற பங்கசு நோய், அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. காப்பி பறிக்கக் கடல் கடந்து வந்த எங்கள் சனத்தின் முதுகில் கொழுந்துக் கூடையை ஏற்றியது ஒரு பங்கசு. அதே மண்ணில் நிற்கும் கராம்பு மரம், பங்கசைத் தடுக்கும் மருந்தைத் தன் மொட்டிலேயே வைத்திருக்கிறது.

எழும்பாத மாவைத் தட்டி அன்று ரொட்டி சுட்டோம். பிள்ளைகள் சூட்டோடு தின்று முடித்தார்கள். இந்த நத்தாருக்குக் கராம்பைச் சீனிப்பாகில் கொதிக்கவைத்து, பணிஸ் வெந்து இறங்கிய பிறகு மேலே பூசுவேன்.