கடைசி ஸ்டாப்... கிள்ளான் பாட்டி வீடு!

பேக்பேக், பவர் பேங்க், பட்ஜெட் மூணும் ரெடி. பேங்காக்கில் இறங்கி, ரயில் பிடிச்சு, அப்படியே தெற்கே மலேசியா வரைக்கும் ரெண்டு வாரம் சுத்தலாம்னு பிளான் போட்டாச்சு. சரி, பிளானோட கடைசி வரியில் என்ன எழுதியிருக்கீங்க பாஸ்? ‘கிள்ளான்ல சொந்தக்காரங்க வீடு. ஒரு நாள். அப்புறம் ஃப்ளைட்.’ கரெக்டா?

அந்தக் கடைசி வரியைத்தான் கொஞ்சம் மாத்தச் சொல்றேன்!

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரங்க வீட்டை நம்மில் பலரும் எதுக்கு வச்சிருக்கோம்? ரெண்டு வார அழுக்குத் துணியைத் துவைக்க, காசு தீர்ந்த நேரத்தில் ஓசியில் சாப்பிட, ஏர்போர்ட்டுக்கு கார்ல கொண்டுபோய் விடச் சொல்ல! அவங்களும் முகம் சுளிக்காம செய்வாங்க. ஆனா, நீங்க ரெண்டு வாரமா பார்த்துட்டு வந்த ஊர்களுக்கெல்லாம் அர்த்தம் சொல்ற ஆள் அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருப்பாங்க. எப்படின்னு கேட்கிறீங்களா? வாங்க, ரூட்டைப் பிடிச்சே போகலாம்.

பாலத்தில் ஒரு செல்ஃபி

பேங்காக்கிலிருந்து மேற்கே காஞ்சனபுரி. க்வாய் ஆற்றுப் பாலம் இங்கேதான் இருக்கு. (1957-ல் வந்த ஹாலிவுட் படத்தில் பார்த்த பாலம் இது இல்லைங்க. அந்தப் படத்துக்காக இலங்கையில் செட் போட்டாங்க!) பாலத்தின் மேல் நடக்கலாம், ரயிலில் போகலாம், ஆத்தங்கரையில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிடலாம். செல்ஃபி எடுக்காம யாரும் திரும்பறதில்லை.

இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் ஒரு துண்டுதான் இது. 1942-ல் ஆரம்பிச்ச வேலை 1943 அக்டோபரில் முடிஞ்சது. வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல். அதில் 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனாங்க. ஊருக்குள் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள். வெட்டி விட்ட புல், வரிசையாகக் கற்கள், கல்லுக்குக் கல் பெயர், வயசு. பெரும்பாலும் உங்க வயசுதான். 21, 22, 23...

அந்தக் கற்களில் தமிழ்ப் பெயரைத் தேடாதீங்க. கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமா அங்கே வேலை செய்தவங்க ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர்களோட மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் பெரிய கூட்டம். செத்தவங்களை ஒழுங்கா எண்ணக்கூட ஆள் இல்லை. மலேசியத் தமிழர்கள் இன்னிக்கும் அதை ‘சயாம் மரண ரயில்’னுதான் சொல்றாங்க.

இதை ஒரு தகவலா மனசில் வச்சுட்டு ரயில் ஏறுங்க.

ராத்திரி ரயிலும் நாசி கண்டாரும்

பேங்காக்கிலிருந்து எல்லை ஊரான பாடாங் பெசாருக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் போய்ச் சேரலாம். ராத்திரி அட்டெண்டரே வந்து சீட்டைப் படுக்கையா மாத்தி விரிச்சுக் கொடுத்துட்டுப் போவார். நம்ம ஊர் மாதிரி மிடில் பெர்த் சண்டை கிடையாது! எல்லையில் ரெண்டு நாட்டு இமிகிரேஷனும் ஒரே ஸ்டேஷனில். இந்தப் பக்கம் முத்திரை, அந்தப் பக்கம் முத்திரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினால் மலேசியா!

அங்கிருந்து லோக்கல் ரயிலில் ரெண்டு மணி நேரம் போனால் பட்டர்வொர்த். எதிரே ஃபெர்ரி. அக்கரையில் பினாங்கின் ஜார்ஜ் டவுன். 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். லிட்டில் இந்தியாவில் நின்னா பூக்கடை, பாத்திரக் கடை, ஸ்பீக்கர் பாட்டு... ‘என்னடா, மறுபடி மாட்டுத்தாவணிக்கே வந்துட்டோமா’ன்னு தோணும். 1833-ல் கட்டின மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கு. நாசி கண்டார் சாப்பிடாம வந்துடாதீங்க. தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவடி மாதிரி கம்பு போட்டு, ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் கறியுமா தூக்கிட்டுப் போய் வித்த சாப்பாடு. அந்தக் கம்புக்குத்தான் மலாயில் ‘கண்டார்’னு பேர்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறின நம்ம ஆட்கள் வந்து இறங்கியதும் இதே பினாங்குதான். 1926-ல் கட்டின ‘ரஜூலா’ கப்பல் 1970-களின் தொடக்கம் வரை அவங்களை ஏத்திட்டு வந்தது. அதுக்கப்புறம் ஓடின ‘எம்.வி.சிதம்பரம்’ 1985-ல் தீப்பிடிச்சதோட அந்தக் கடல் வழியும் முடிஞ்சது.

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயிலில் நாலு மணி நேரம்தான். ஜன்னல் வழியே ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள், அப்புறம் செம்பனை, செம்பனை, இன்னும் செம்பனை. முன்னாடி பல இடங்களில் ரப்பர் இருந்த மண். தோட்டங்கள் கைமாறி, வீடுகள் காலியாகி, அங்கே இருந்த தமிழ்க் குடும்பங்கள் டவுனுக்கு வந்துட்டாங்க. அப்படி வந்தவங்க நிறைய இருக்கும் ஊர்களில் ஒண்ணு கிள்ளான். கோலாலம்பூரிலிருந்து லோக்கல் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

மீதிக் கதை அங்கே இருக்கு

கிள்ளானில் எங்க அப்பாவோட அத்தை இருக்காங்க. 85 வயசு. தாத்தாவைப் போருக்கு முன்னாடியே படிக்க ஊருக்கு அனுப்பிட்டாங்க. தங்கச்சி அங்கேயே நின்னுட்டாங்க. காலையில் எழுந்ததும் அவங்க கேட்கும் முதல் கேள்வி, “பசியாறிட்டியா?” டிபன் சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். ரப்பர் மரம் அவங்களுக்குப் ‘பால் மரம்’. ஆள் எண்ணிக்கை எடுக்கும் இடம் ‘பெரட்டு’.

க்வாய் பாலத்து போட்டோவை போனில் காட்டினப்போ பாட்டி ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சாதாரணமா சொன்னாங்க: “எங்கப்பா போனது அங்கதான்.”

ஒருநாள் விடியற்காலை பெரட்டில் வச்சு ஆள் எடுத்திருக்காங்க. லாரியில் ஏத்திட்டுப் போனவர் திரும்பலை. பாட்டிக்கு அப்போ ரெண்டு வயசு. அப்பா முகம் ஞாபகம் இல்லை. போர் முடிஞ்சு பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் எலும்பும் தோலுமா திரும்பி வந்தார். ஆனா அவருக்கும் விவரம் தெரியலை. சாவுச் செய்தின்னு ஒண்ணு வராததால் பாட்டியோட அம்மா தாலியைக் கழட்டவே இல்லை. தாலியோடயே பால் வெட்டப் போனாங்க. தாலியோடயே இறந்தாங்க.

எங்க வீட்டில் இந்தக் கதை பாதிதான் தெரியும். ‘பூட்டன் மலேயாவில் போய்ச் சேர்ந்துட்டார்’ங்கிறதோட சரி. கல்லறைத் தோட்டத்தில் பேர் இல்லாத அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் எங்க வீட்டு ஆள்னு சொல்ல பாட்டியை விட்டா இப்போ வேற யாரும் இல்லை. ‘ஒரு நாள் தங்கிட்டு ஃப்ளைட்’னு போனா இந்தக் கதை வெளியே வராதுங்க. முதல் நாள் சாப்பாடு, ரெண்டாம் நாள் கோயில், கடை. மூணாம் நாள் மத்தியானம், டிவியை அணைச்ச பிறகுதான் இதெல்லாம் வரும்.

என்ன கொண்டு போகலாம்?

முறுக்கு, மிளகாய்ப் பொடி, சேலை எல்லாம் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலேயே கிடைக்கும். விதை, செடி, பழம், கறி வகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, ஏர்போர்ட்டில் பிடுங்கிடுவாங்க. அதனால அங்கே கிடைக்காததைக் கொண்டு போங்க. ஊர் வீட்டு போட்டோ, குலதெய்வக் கோயில் போட்டோ, யாருக்கு யார் என்ன உறவுன்னு எழுதின ஒரு பேப்பர். மலேசியாவில் நாலாம் தலைமுறைப் பசங்களுக்குச் சொந்த ஊர் பேரே அரைகுறையாத்தான் தெரியும். தாலுகா, பக்கத்து டவுன், பஸ் ரூட்டோட எழுதிக் கொடுத்துட்டு வாங்க. அதைவிடப் பெரிய கிஃப்ட் கிடையாது!

அவங்க வீட்டு அடையாள அட்டை, பழைய கப்பல் டிக்கெட், கல்யாண போட்டோ இருந்தா அனுமதி கேட்டு போட்டோ எடுங்க. பேச்சை ரெக்கார்ட் பண்ணுங்க. பேர் சொன்னா ஸ்பெல்லிங் கேளுங்க.

அப்புறம் இமிகிரேஷன் சமாசாரம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கை மலேசியா 2023 டிசம்பரில் கொண்டு வந்தது. காலக்கெடு வச்சு நீட்டிக்கும் சலுகைங்கிறதால கிளம்பும் முன் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. போய்ச் சேருவதற்கு மூணு நாளுக்குள் ஆன்லைன் வருகை அட்டையையும் நிரப்பணும், காசு கிடையாது. தங்கப் போகும் வீட்டு அட்ரஸ், போன் நம்பரைப் பேப்பரில் எழுதி வைங்க. சார்ஜருக்குச் சதுரக் கால் மூணு பின் அடாப்டர் தேவை.

ஃபிரெண்டு ரூமுக்கும் இதே ரூல்

சொந்தக்காரங்க இல்லை, கோலாலம்பூரில் ஹாஸ்டல் நண்பன்தான் வேலையில் இருக்கானா? அவனுக்கு லீவு இல்லை, உங்களுக்குத்தான் லீவு. எந்தத் தேதி, எத்தனை ராத்திரின்னு முதல்லயே சொல்லிடுங்க. பகலில் நீங்களே பத்துமலைக்குப் போய் 272 படி ஏறிட்டு வாங்க. சாயங்காலம் அரிசி, காய் வாங்கிட்டு வந்து ஒரு நாளாவது நீங்க சமைங்க. ‘சூப்பர் லைஃப்டா உனக்கு’ன்னு ஆரம்பிக்காதீங்க. ‘எப்படிடா இருக்கே?’ன்னு கேட்டுட்டு, அவன் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க. போனில் வீட்டுக்குச் சொல்லாத ஏதோ ஒண்ணு அவன்கிட்டயும் இருக்கும்.

ஆக, டிக்கெட் போடும்போது திரும்பும் தேதியை நாலு நாள் தள்ளிப் போடுங்க. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் நேரடி விமானம் இருக்கு, பிரச்னை இல்லை. பாலத்தை அடுத்த வருஷமும் பார்த்துக்கலாம். அந்த வீட்டில் 80 தாண்டினவங்க இருக்காங்கன்னா, அதை மட்டும் அடுத்த லீவுக்குத் தள்ளாதீங்க!