2.3 சென்டிமீட்டர்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஈப்போ போனோம். கல் இல்லை. ஆனால் ஸ்கேன் எடுத்தவர் கருவியை இடப்பக்கம் நகர்த்தி, அங்கேயே ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து சிடி ஸ்கேன். மண்ணீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியில் 2.3 சென்டிமீட்டர் புடைப்பு. ரிப்போர்ட்டில் அனியூரிசம் என்று இருந்தது.

டாக்டர் மலாயில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "ரத்தக்குழாயில ஒரு எடம் பலவீனமாகி வீங்கியிருக்காம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "சைக்கிள் டயர் கிழிஞ்ச எடத்துல டியூப் பிதுங்கிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரியா?"

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருசம் சைக்கிள் மிதித்துப் பால்மரம் வெட்டப் போனவர். நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சமன்பாடும் அதையேதான் சொல்கிறது. அழுத்தம் மாறாவிட்டாலும், ஆரம் கூடக்கூட சுவரின் இழுவிசை கூடும்.

வயிற்று உறுப்புகளின் தமனிகளில் வரும் புடைப்புகளில் பாதிக்கு மேல் மண்ணீரல் தமனியில்தான் வருகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. பல முறை பிள்ளை பெற்றவர்களிடம் அதிகம். நாங்கள் ஐந்து பேர்.

கணைய அழற்சி வந்ததுண்டா என்று டாக்டர் முதலில் கேட்டார். அதனால் வருவது போலிப் புடைப்பு. முழுச் சுவர் கிடையாது என்பதால் அளவு பார்க்காமல் சிகிச்சை செய்வார்களாம். அம்மாவுக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. பிறகுதான் வழிகளைச் சொன்னார்.

வயிற்றைத் திறந்து தமனியைக் கட்டிவிடலாம். புடைப்பு மண்ணீரலை ஒட்டியிருந்தால் அதையும் எடுக்க வேண்டிவரும். எடுத்துவிட்டால் தடுப்பூசிகள் போட்டுக்கொள்ள வேண்டும், லேசான காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். (ஒரு காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பிள்ளைகளின் மண்ணீரலைத் தடவிப் பார்த்துத்தான் மலேரியாவைக் கணக்கெடுத்தார்கள். எங்களுக்கும் இந்த உறுப்புக்கும் பழைய பழக்கம்.) உறை போட்ட ஸ்டென்ட் வைக்கலாம். ஆனால் இந்தத் தமனி தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் ரோடு மாதிரி. அவ்வளவு வளைவிலும் ஸ்டென்டைக் கொண்டுபோவது கஷ்டம்.

இன்னொன்று, தொடையில் சின்னத் துளை போட்டு உள்ளே போய், பிளாட்டினக் கம்பிச் சுருள்களால் அடைப்பது. ரத்தம் வருகிற பக்கத்தை மட்டும் அடைத்தால் போதாதா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். இரைப்பை ஓரத்துச் சிறு நாளங்கள் வழியாகவும் மண்ணீரலுக்கு ரத்தம் போகிறது. தமனியை அடைத்தாலும் மண்ணீரல் பெரும்பாலும் பிழைப்பது அதனால்தான். அதே ரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வந்து புடைப்பை நிரப்பவும் செய்யும். அதனால் முதலில் அந்தப் பக்கம், பிறகு இந்தப் பக்கம். ஒரு வால்வை மட்டும் மூடிவிட்டு பைப்பைக் கழற்றி முழுக்க நனைந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வழி, ஒன்றும் செய்யாமல் வருசா வருசம் ஸ்கேன் எடுப்பது. முன்பெல்லாம் பலர் 2 சென்டிமீட்டரிலேயே சிகிச்சை செய்தார்கள். அமெரிக்க ரத்தநாள அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் 3 என்கிறது, பெரும்பாலானவை மெதுவாகத்தான் வளர்கின்றன என்பதால். அம்மா சரியாக நடுவில் நிற்கிறார். எனக்கு எரிச்சலாக வந்தது. வீங்கிய பைப்பை யாராவது வருசத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்களா?

"இது உங்களுக்கு இருந்திருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு அளவே பார்ப்பதில்லையாம். கர்ப்பத்தில் வெடித்தால் தாயும் பிள்ளையும் தப்புவது அரிது. இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கும் மலாய் தெரியும்.

காரில் ரொம்ப நேரம் பேசாமல் வந்தார். செம்பனை தெரிய ஆரம்பித்ததும், "எங்கக்கா ஏழு மாசத்துல செத்தா, தெரியுமில்ல?" என்றார். "காலையில பெரட்டுக்கு நின்னவ. மத்தியானம் வயித்தப் புடிச்சிக்கிட்டு சுருண்டுட்டா. லயத்துல எல்லாரும் காத்து கருப்புன்னாங்க. அதுவும் இதுதானா?"

"தெரியாதும்மா. எத்தனையோ காரணம் இருக்கும்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். மொதல்ல நீ ஸ்கேன் எடு."

எடுத்தேன். ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் நவம்பரில். வளர்ந்திருந்தால் சுருள் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்தத் தொடையில் துளை போடுவார்கள் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.