விதையின் காவல்

எங்கள் பங்கு இல்லத்தின் பின்புறம் ஒரு சீத்தா மரம் நிற்கிறது. பழுக்கும் காலத்தில், மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளுக்குப் பழங்களைப் பகிர்ந்தளிப்பது என் வழக்கம். ஒருமுறை, மகளின் தலையில் பேன் தொல்லை என்று முறையிட்ட ஒரு தாயிடம், "இந்த விதைகளை அரைத்துத் தேய்த்துவிடுங்கள் அம்மா. கடவுள் தந்த மருந்து; ஒன்றும் செய்யாது" என்றேன். என் பாட்டியின் கைவைத்தியம் அது.

மூன்றாம் நாள் அச்சிறுமி கண்களைத் துணியால் பொத்திக்கொண்டு வந்தாள். தலையை அலசும்போது விதை விழுது கண்ணில் வழிந்திருக்கிறது. கருவிழியின் மேற்படலம் புண்ணாகிவிட்டது என்றார் மருத்துவர். ஒரு வாரச் சிகிச்சையில் பார்வை தெளிந்தது. "நல்லதுக்குத்தானே சாமி சொன்னீங்க" என்று அத்தாய் எனக்கே ஆறுதல் சொன்னார். அச்சொல் இன்றும் உறுத்துகிறது.

பிறகுதான் படித்தறிந்தேன். சீத்தா விதையில் அசிட்டோஜெனின் என்னும் நச்சுப்பொருள்கள் உள்ளன. உயிரணுக்கள் ஆற்றலை உண்டாக்குவதையே அவை தடுக்கின்றன. பேனைக் கொல்லும் அதே நஞ்சு கண்ணையும் புண்ணாக்குகிறது. ஆப்பிள் விதையில் அமிக்டலின் உண்டு. விதையை நொறுக்கினால் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. தவறி முழுதாய் விழுங்கிய ஓரிரு விதைகளால் பொதுவாகத் தீங்கில்லை. உடைக்கும்போதுதான் நஞ்சு விழிக்கிறது.

சதையின் இனிப்பு நம்மை அழைக்கிறது. விதையின் நஞ்சோ, நாளை முளைக்கவேண்டிய உயிரைப் பூச்சியிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் காக்கிறது. விதையுள்ள கனிமரங்களை இறைவன் நல்லவை எனக் கண்டதாகத் தொடக்கநூல் கூறுகிறது. அந்த நன்மையில் இக்காவலும் அடங்கும். குருமடத்தில், படைப்பு நல்லது என்று கற்றேன். அதையே, படைப்பு எனக்குத் தீங்கற்றது என்று நானாகத் திரித்துக்கொண்டேன். மரம் என் வசதிக்காக மட்டும் படைக்கப்பட்டது என்ற செருக்கல்லவா அது? போதாக்குறைக்கு, என் அறியாமைக்குக் கடவுளின் பெயரையும் சாட்சியாக வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, திருப்பலி முடிவில் அறிவிப்புகளோடு என் தவற்றையும் சொன்னேன். எத்தனையோ மறையுரைகளைவிட அந்த ஐந்து நிமிடங்கள் கடினமாயிருந்தன. அன்று மாலை இரு தாய்மார் வந்தனர். தாங்களும் விதைத்தூள் அரைத்து வைத்திருந்ததாகவும், கொட்டிவிட்டதாகவும் சொன்னார்கள்.

இப்போதும் பழங்களைக் கொடுக்கிறேன். விதைகளைத் துப்பிவிடச் சொல்கிறேன். பேனுக்கு வழி கேட்போரை, பேன்சீப்பும் மருத்துவர் ஆலோசனையும் போதும் என்று அனுப்பிவைக்கிறேன்.