12 வோல்ட்டை 5 ஆக்குவது

12 வோல்ட்டை 5 ஆக்க ஒரு 7805 ரெகுலேட்டர் போதும் என்றுதான் நம்மில் பலரும் தொடங்குகிறோம். அதில் 1 ஆம்பியர் இழுத்துப் பாருங்கள். மீதி 7 வோல்ட்டும் 7 வாட் சூடாகிவிடும். ஹீட் சிங்க் இல்லாமல் தாங்காது.

எல்எம்2596 என்ற சுவிட்சிங் ரெகுலேட்டர் சிப் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். உள்ளே இருக்கும் சுவிட்ச் விநாடிக்கு 1,50,000 முறை ஆன், ஆஃப் ஆகிறது. ஆன் ஆகும்போது இண்டக்டர் ஆற்றலைச் சேர்க்கிறது, ஆஃப் ஆகும்போது டயோடு வழியாகக் கரண்ட்டைத் தொடர்ந்து ஓட வைக்கிறது. எத்தனை அழகான ஏற்பாடு!

வரைபடம் எளிது, போர்டுதான் கஷ்டம். இன்புட் கெப்பாசிட்டர், சிப், டயோடு மூன்றும் ஒட்டி உட்கார வேண்டும். கரண்ட் வெட்டி வெட்டி ஓடுவது அந்தச் சின்ன வளையத்தில்தான்; டிராக் நீண்டால் ஸ்பைக் வரும். ஃபீட்பேக் டிராக்கை இண்டக்டருக்கு அடியில் கொண்டு போகவே கூடாது. அவுட்புட் கெப்பாசிட்டரின் காலிலிருந்து எடுங்கள். டயோடுக்கு, கையில் கிடைத்த 1என்4007 உதவாது, இந்த வேகத்துக்கு அது மந்தம். 1என்5822 போன்ற ஷாட்கிதான் சரி.

அளக்கும்போதும் கவனம். ஸ்கோப் புரோபின் நீண்ட கிரவுண்ட் கிளிப் வயரே ஆன்டெனாவாகி, இல்லாத ஸ்பைக்கையெல்லாம் காட்டும். கிளிப்பைக் கழற்றிவிட்டு, முனையிலேயே சின்ன ஸ்பிரிங் கிரவுண்டை மாட்டி, கெப்பாசிட்டரின் இரு கால்களிலும் நேராக வைத்துப் பாருங்கள். உண்மையான ரிப்பிள் அப்போதுதான் தெரியும்.