நவம்பர் 3: ஒரு திருத்தம்

பத்திரிகை அலுவலகங்களில் ‘வரலாற்றில் இன்று’ என்னும் பகுதி பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவரின் தலையில்தான் வந்து விழும். 1990களின் தொடக்கத்தில் நான் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது எனக்கும் அதுவே நேர்ந்தது. கலைப்பட்டதாரியான எனக்கு பௌதிகவியலோடு இருந்த உறவு மிகச் சொற்பம். ஆயினும் பழைய நறுக்குகள் நிறைந்த கோப்பொன்று என்னிடம் கையளிக்கப்பட்டது. திகதி வாரியாக எல்லாம் அதில் இருந்தன. எடுத்து, தூசி தட்டி, இரண்டு சொற்களை மாற்றி, அச்சுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

விண்வெளியைப் பொறுத்தவரை அக்கோப்பில் தவறாத இரு திகதிகள் ஒக்டோபர் 4 உம் நவம்பர் 3 உம் ஆகும். முதலாவது ஸ்புட்னிக்-1, இரண்டாவது லைக்கா.

1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி ஏவப்பட்ட ஸ்புட்னிக், 83.6 கிலோகிராம் நிறையும் 58 சென்ரிமீற்றர் விட்டமும் கொண்ட ஓர் உலோகக் கோளம். மனிதன் செய்த முதலாவது செய்மதி. மறுநாள் மொஸ்கோவின் ‘பிராவ்தா’ பத்திரிகை அச்செய்தியை முதற்பக்கத்தில் அடக்கமாகவே வெளியிட்டிருந்தது. மேற்குலகம் அதிர்ந்துபோனதைக் கண்ட பின்னர்தான், 6 ஆம் திகதி அது பெருந்தலைப்பாயிற்று. தன் வீட்டுச் செய்தியின் பெறுமதியை அடுத்த வீட்டார் அலறிய பிறகே அறிந்துகொண்ட ஆசிரியபீடம் அது ஒன்று மட்டுமல்ல என்பதை இத்தொழிலில் இருப்போர் அறிவர்.

அந்த அலறல்தான் லைக்காவின் விதியை எழுதியது. நவம்பர் 7 ஆம் திகதி ஒக்டோபர் புரட்சியின் 40 ஆவது ஆண்டு நிறைவு. அதற்கு முன்னர் இன்னொரு சாதனை வேண்டும் என்று குருஷேவ் விரும்பினார். ஆய்வுக் கருவிகளோடு முறையாகத் திட்டமிடப்பட்டிருந்த பெரிய செய்மதியோ ஆயத்தமாகவில்லை; அது 1958 மே மாதத்தில்தான் ஸ்புட்னிக்-3 ஆக ஏறியது. ஆகவே நான்கு வாரத்துக்கும் குறைந்த காலத்தில் புதிய கலமொன்று அவசர அவசரமாகச் செய்யப்பட்டது. திரும்பி வருவதற்கான வழி எதுவும் அதில் இருக்கவில்லை. ஓர் ஆண்டு நிறைவுக்காக ஓர் உயிர் அனுப்பப்பட்டது என்பதை, ஆண்டு நிறைவுகளை எழுதியே சம்பளம் வாங்கிய நான் வெகுகாலம் கவனிக்கவில்லை.

லைக்கா மொஸ்கோத் தெருவில் பிடிக்கப்பட்ட நாய். குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதால் தெருநாய்களையே தேர்ந்தார்கள். ஏவுதலுக்கு முன்னர் விளாடிமிர் யஸ்டோவ்ஸ்கி என்ற மருத்துவ விஞ்ஞானி, தமது பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று அதை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அதற்கு எஞ்சியிருக்கும் காலம் சொற்பம் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் கோப்பிலிருந்த நறுக்கு, லைக்கா ஒரு வாரம் விண்வெளியில் வாழ்ந்து வேதனையின்றி இறந்தது என்று கூறிற்று. சோவியத் தரப்பு உலகுக்குச் சொன்னது அதுவே. நானும் ஆண்டுதோறும் அதையே எழுதினேன். ‘வேதனையின்றி’ என்ற சொல் எனக்குப் பிடித்தும் இருந்தது. வாசகர் காலைத் தேநீரோடு படிப்பதற்கு உகந்த சொல். போர்க்காலத்தில் உத்தியோகபூர்வ அறிக்கைகள் தந்த மரணக் கணக்குகளை அப்படியே அச்சிட்டுப் பழகிய கைகளுக்கு, ஒரு நாயின் மரணத்தைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

2002 ஒக்டோபரில் ஹூஸ்டனில் நடைபெற்ற உலக விண்வெளி மாநாட்டில், ரஷ்ய விஞ்ஞானி திமித்ரி மலாஷென்கோவ் உண்மையை வெளியிட்டார். ஏறும்போதே லைக்காவின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 103 இலிருந்து 240 ஆக உயர்ந்தது. எடையற்ற நிலையில் அது தணிவதற்கு, தரையில் நடந்த சோதனைகளை விட மும்மடங்கு நேரம் பிடித்தது. வெப்பக் காப்பு சேதமடைந்ததால் அறை 40 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. ஐந்து முதல் ஏழு மணித்தியாலங்களுக்குப் பிறகு உயிரின் அறிகுறி எதுவும் கிடைக்கவில்லை. அதாவது வெளியுலகப் பத்திரிகைகள் நாயின் நலம் விசாரித்துக்கொண்டிருந்த நாட்களில், அக்கலம் ஓர் உடலைச் சுமந்தபடி பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. 1958 ஏப்ரல் 14 ஆம் திகதி அது வளிமண்டலத்தில் எரிந்து போனது.

அந்த நாய்களைப் பயிற்றிய ஒலெக் கசென்கோ 1998 இலேயே வெளிப்படையாக வருந்தியிருந்தார். அந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டது அந்த நாயின் சாவை நியாயப்படுத்தப் போதாது என்பது அவருடைய கருத்து. பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பாரமற்ற நிலையிலும் ஓர் உடல் சில மணித்தியாலம் உயிரோடிருக்கும் என்பது அன்று தெரியாத ஒன்று. 1960 ஓகஸ்டில் பெல்காவும் ஸ்ட்ரெல்காவும் உயிரோடு திரும்பின. 1961 ஏப்ரல் 12 இல் ககாரின் சென்றார். ஆனால் திருப்பி அழைக்கும் வழியைச் செய்துகொண்டு அனுப்பியிருக்கலாமே என்ற கேள்விக்கு, நவம்பர் 7 என்பதைத் தவிர வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹூஸ்டன் செய்தி எங்கள் மேசைக்கு வந்த அன்று, திருத்தம் ஒன்று போடலாமா என்று மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். “நாற்பத்தைந்து வருசத்துக்கு முந்தின நாய்க்குத் திருத்தமா, தம்பி?” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினேன்.

கோப்பை எடுத்து, பழைய நறுக்கில் ‘ஒரு வாரம்’ என்பதைப் பேனையால் வெட்டி, ‘சில மணித்தியாலங்கள்’ என்று எழுதினேன். ‘வேதனையின்றி’ என்பதையும் வெட்டினேன். அந்த நவம்பர் 3 இல் அது அவ்வாறே அச்சாகியது. முந்தைய ஆண்டுகளில் வேறு விதமாக எழுதியிருந்தீர்களே என்று ஒருவரும் கேட்கவில்லை.