ரோடு கீதே, இங்க இன்னாத்துக்கு?

ஷூ கம்பெனிகள் ஷிப்ட் விடும் நேரத்தில் ஆம்பூர் நெடுஞ்சாலையை சைக்கிளோடு கடந்து பழகியவருக்கு எந்த மலைப்பாதையும் பெரிதாகத் தெரியாது. கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் கும்பல் கும்பலாக வெளியே வருவார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் உமராபாத், பேரணாம்பட்டு, மாதனூர் என்று கூவுவார்கள். ஊரே வீட்டுக்குப் போகும் அந்த நேரத்தில் தடித்த டயர் போட்ட ஏழெட்டு சைக்கிள்கள் ஊரை விட்டு வெளியே போகும். அது நாங்கள்தான்.

கிளப் என்று சொல்லிக்கொள்கிறோம். பதிவு இல்லை, சந்தா இல்லை, தலைவர் இல்லை. புதன் மாலையும் சனி மாலையும் யார் வருகிறார்களோ அவர்கள்தான் கிளப். டேனரியில் ஃபினிஷிங் பார்க்கும் பாய் ஒருவர், பள்ளிக்கூட சார் ஒருவர், வேலூரிலிருந்து காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வரும் டாக்டரம்மா, கல்லூரிப் பையன்கள் இரண்டு மூன்று பேர். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "எவ்ளோ சார் இது?" விலையைச் சொன்னால், அந்தக் காசுக்கு ஒரு பழைய மோட்டார் பைக் வாங்கியிருக்கலாமே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரியும். அதிலும் கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை என்று பார்த்தபிறகு பேச்சே நின்றுவிடும்.

நான் ஷூ கம்பெனியில் அசார்ட்டிங் செக்‌ஷன். பதனிட்ட தோலை மேசைமேல் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எது எந்த ரகம் என்று பிரிப்பது வேலை. உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட இடம் என்று குறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆட்டுத் தோலில் அடிக்கடி கண்ணில் படுவது முள் கீறல். ஆடு உயிரோடு மேய்ந்த காலத்தில் வேலியில் உரசிய அந்த மெல்லிய கோடு, தோலைச் சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, பதனிட்டு, சாயம் ஏற்றி, இஸ்திரி போட்ட பிறகும் போகாது. பகலெல்லாம் கோடாகப் பார்க்கும் அந்த முள்ளை மாலையில் டயரில் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் வேலிகாத்தான். படித்தவர்கள் சீமைக் கருவேலம் என்பார்கள். பாலாற்றங்கரை, ஏரி உள்வாய், தரிசு, சுடுகாட்டு ஓரம் என்று அது இல்லாத இடமில்லை. காய்ந்த கிளை ஒன்று பாதையில் கிடந்தால் போதும், எவ்வளவு தடித்த டயரானாலும் உள்ளே இறங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய் முள்ளைப் பிடுங்குவார்கள். உஸ்ஸென்று காற்று போய்விடும். பழகியவர்கள் முள்ளை அப்படியே விட்டுவிட்டு, நிழலோ டீக்கடையோ வரும்வரை ஓட்டிப் போவார்கள். பஞ்சர் ஒட்டுவதில் சாரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டையைக் கண்டுபிடிக்க அவருக்குத் தண்ணீர் வேண்டாம். ட்யூபில் காற்றடித்துக் கன்னத்தருகே மெல்லச் சுற்றிக்கொண்டே வருவார்; எங்கே கசிகிறதென்று கன்னம் சொல்லிவிடும். ஒட்டுப் போட்ட கையோடு ட்யூபைத் திரும்பச் செருகவும் மாட்டார். பழைய பனியன் துணியை டயரின் உட்பக்கம் விட்டு ஒரு சுற்றுத் துடைப்பார். முறிந்த முள்முனை உள்ளே மிச்சம் இருந்தால் துணி அங்கே சிக்கும். துணிக்குப் பதில் விரலை விட்டுப் பார்க்கும் அவசரக்காரர்களின் விரலில் ரத்தம் வரும். கல்லூரிப் பையன்கள் ட்யூபே இல்லாத டயரில் பால் போன்ற திரவத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள். சிறிய ஓட்டையை அது தானே அடைத்துக்கொள்கிறது. சாருக்கு அதில் நம்பிக்கையில்லை.

மாலை சவாரி என்பது எங்களுக்கு விருப்பம் அல்ல, வேறு வழியில்லாதது. இங்கத்திய வெயில் அப்படி. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்யும் ஒரு பழைய சொலவடை உண்டு. அதில் கோயில் கணக்கு 1981-ல் நேராகிவிட்டது; கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடி, கேலி செய்தவர்கள் வாயை அடைத்தது. சொலவடையில் பெண்களைப் பற்றியும் ஒன்று வரும்; டாக்டரம்மா படிப்பார் என்பதால் அதை எழுதவில்லை. மலைகள் மட்டும் இன்னும் பெருமளவு பாறைதான். பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு எட்டு மணிவரை அந்தப் பாறைகள் முகத்தில் ஊதும். சித்திரை வைகாசியில் ஐந்து மணிக்குக் கிளம்புவது மடத்தனம்.

ஏரிக்கரை மேல் ஏறி, பனைமரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம், பிறகு கழனி வரப்பு, ஆற்று மணல், ஓடைக்கல், கடைசியில் மலையடிவாரத்து ஒற்றையடிப் பாதை. இதுதான் வழக்கமான சுற்று. காற்று திரும்பும் இடங்களில் டேனரி வாடை வரும். புதியவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். பாய் மட்டும் ஆழ்ந்து மூச்சிழுத்து, "சுண்ணாம்பு, சல்ஃபைடு. இன்னிக்கு யாரோ மயிர் எடுக்குறாங்க" என்பார்.

ஒரு காலத்தில் இந்த வாடை வேறாக இருந்திருக்கும். குரோமியம் வந்து தோலை ஊதா நீலமாக்கும் முன்பு, இந்தப் பக்கத்துத் தோல் தொழில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நம்பி நடந்தது. ஆவாரை எங்கள் பாதையோரம் இன்றும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்து வரும். சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போன ஈஸ்ட் இந்தியா லெதரின் பழுப்பு நிறம் இந்தச் சரக்கு தந்ததுதான். மூட்டை மூட்டையாகப் பட்டையும் காயும் இறங்கியது ஆள் தலையிலும் மாட்டு வண்டியிலும். மலையடிவாரத்தில் நாங்கள் குஷியாக ஓட்டும் தடங்கள் யாரோ விளையாடப் போட்டவை அல்ல. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பட்டைக்கும் சந்தைக்கும் போய்வந்த கால்கள் தேய்த்தவை. வயிற்றுப் பிழைப்புக்கு நடந்தவர்கள் தேவையில்லாமல் ஒரு மேடு ஏறமாட்டார்கள் என்பதால், அவர்கள் போட்ட பாதையின் ஏற்ற இறக்கம் எந்தப் பொறியாளரும் போடாத அளவுக்குச் சீராக இருக்கும்.

குரோமியம் வந்தபின் நடந்தது ஊரறிந்த கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தில் காலூன்ற அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் எங்கள் ஆற்றை வைத்துத்தான் அதைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியிலும் பாலாறு அதே நீதிமன்றத்துக்கு முன்னால் வந்தது. என் சம்பளமும் இந்தத் தொழிலில்தான் வருகிறது. ஆற்றில் சைக்கிள் ஓட்டும்போது அதை மறந்துவிட முடிவதில்லை.

அந்த 1996 ஆகஸ்டுக்கு முந்தைய மாதம்தான் அட்லாண்டாவில் மலை சைக்கிள் பந்தயம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அதற்கு இருபது ஆண்டு முன்பு அது விளையாட்டே இல்லை. கலிபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கத்தில் சில இளைஞர்கள் முப்பது நாற்பதுகளில் செய்த பழைய பலூன் டயர் சைக்கிள்களைக் காயலான் கடைகளில் பொறுக்கி, மலை மேல் ஏற்றி, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண் சாலையில் உருட்டி விட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று நேரம் குறித்து முதல் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அந்த இறக்கத்துக்குப் பெயரே அதனால் 'ரீபேக்' ஆயிற்று. நாங்கள் ஓட்டும் சைக்கிள்களின் வம்சம் அந்தக் காயலான் சைக்கிள்களிலிருந்துதான் தொடங்குகிறது. 2023 அக்டோபரில் ஆசிய மலை சைக்கிள் போட்டி பக்கத்து மாநிலத்திலேயே, திருவனந்தபுரத்துப் பொன்முடியில் நடந்தது.

இதையெல்லாம் மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியவரிடம் விளக்க முடியாது. ஒரு சனிக்கிழமை, கல்லிலும் கட்டியிலும் தடதடத்து இறங்கிய எங்களைப் பார்த்துக் கோலை ஊன்றி நின்றுவிட்டார்.

"ரோடு அங்க கீதே நைனா. அத்த வுட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வர்றீங்கோ?"

பாய்தான் பதில் சொன்னார்: "ஒடம்புக்கு நல்லது தாத்தா."

"ஒடம்புக்கா? அப்ப எங்க ஊர்ல ஒருத்தனுக்கும் சீக்கே வரக்கூடாதே."

மேலே இருக்கும் ஊர்க்காரர். ரேஷன் அரிசி அந்தப் பாதையில்தான் தலையில் ஏறுகிறது. பிரசவ வலி வந்தால் அந்தப் பாதையில்தான் டோலி கட்டி இறக்க வேண்டும். நாங்கள் "செம டெக்னிக்கல்" என்று கொண்டாடும் ஒவ்வொரு பாறையும் டோலியின் முன்பக்கம் பிடித்தவருக்கு முழங்கால் வலி. எங்களுக்குள் அன்று அதிகம் பேச்சில்லை.

2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அணைக்கட்டுப் பக்கம், அல்லேரி மலையில் நடந்ததை நாடே படித்தது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் நேரத்துக்குக் கீழே கொண்டுவர முடியவில்லை, குழந்தை பிழைக்கவில்லை. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் ஓரளவுக்கு மேல் போக முடியாமல் நின்றுவிட, பெற்ற தாயே உடலைக் கையில் ஏந்தி மிச்ச தூரத்தை நடந்தார். அதன்பிறகுதான் சாலை பற்றிய பேச்சு வேகமெடுத்தது.

மண் பாதைகளெல்லாம் தார்ச்சாலை ஆகிவிட்டால் நம் விளையாட்டு என்னாவது என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். மலை சைக்கிள்காரர்கள் உலகமெங்கும் பாதையைக் காப்பாற்றக் கொடி பிடிக்கிறார்கள். ஆனால் மேலே வீடு இருக்கிற மலையில் நம் பாதை போனால் போகட்டும் என்பதுதான் என் கட்சி. ஆள் குடியில்லாத குன்றுகளும் ஏரி உள்வாய்களும் நமக்கு ஏராளமாக இருக்கின்றன. மோசமான பாதையை நேசிக்க, அதே ஊருக்கு நல்ல பாதை ஒன்று முதலில் வேண்டும்.

காட்டுக்குள் போவது வேறு விஷயம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டு எல்லைக் கல்லை அனுமதியில்லாமல் தாண்டுவது குற்றம், நாங்கள் தாண்டுவதில்லை. 2024 ஜூனில் திருப்பத்தூரில், கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கே சிறுத்தை வந்துவிட்டது. அதற்குப் பிறகு இருட்டினால் மலையோரம் வேண்டாம், ஆற்றுப் பக்கம் மட்டும் என்று டாக்டரம்மா சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

ஆற்றிலும் இருட்டு சும்மா இருப்பதில்லை. ஒருநாள் ஹேண்டில்பார் விளக்குகள் வரிசையாக எரிய மணலில் இறங்கினோம். எதிரே நின்ற மாட்டு வண்டியில் பாதி மணல். ஆள் மட்டும் இல்லை, புதருக்குள் சலசலப்பு. எங்களைத் தாசில்தார் ஜீப் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மாடுகள் நிதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தன. "சைக்கிள்தான் அண்ணே, வாங்க" என்று பாய் குரல் கொடுத்தார். யாரும் வரவில்லை. மணல் அள்ளுவதைத் தடுக்கிற அதிகாரமும் எங்களுக்கு இல்லை. கண்டுகொள்ளாமல் போகிற மனசும் இல்லை. ஆற்றைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டே வீடு வந்தோம். மணல் வண்டி மறுநாளும் வந்திருக்கும்.

சவாரி முடிகிற இடம் பைபாஸ் டீக்கடை. பிரியாணிக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு, வியர்வை ஊற்றிய பிறகு நாங்கள் தின்பது இரண்டு பன்னும் ஒரு வாழைப்பழமும்தான். பாய்க்கு அது தீராத அவமானம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது வருவதென்றால் தாராளமாக வரலாம். விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம்; நல்ல பிரேக், தடித்த டயர், முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கு ஹெல்மெட், ஒரு ஸ்பேர் ட்யூப், ஒரு பழைய பனியன் துணி இருந்தால் போதும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஒற்றையடிப் பாதையில் எதிரே ஆள் வந்தால் மணி அடிக்காதீர்கள்; இறங்கி, சைக்கிளை ஓரம் சாய்த்து, வழி விடுங்கள். தலையில் விறகுக் கட்டு இருப்பவரால் சட்டென்று ஒதுங்க முடியாது.