ஆறு கூட்டினால் கணக்கு சரியாகும்

டெபிட், கிரெடிட் தெரியும், கூடவே கொஞ்சம் கம்ப்யூட்டரும் தெரிந்தால் வேலை நிச்சயம். பி.காம். (சி.ஏ.) சேருகிற பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துச் சேர்ந்த ஒரு மாணவனின் கதை இது.

இரண்டாம் ஆண்டில் 'கம்ப்யூட்டர் ஆர்கனைசேஷன்' என்றொரு பேப்பர் வந்து நின்றது. அக்குமுலேட்டர், புரோகிராம் கவுன்ட்டர், ஸ்டாக் பாயின்ட்டர்... எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். முதல் இன்டர்னலில் 50க்கு 11! அப்பாவுக்கு மளிகைக்கடை. "அரியர் வச்சா பேசாம கடைக்கு வந்துடு" என்றார். சும்மா சொல்லவில்லை, கடைப்பையன் நின்று இரண்டு மாதமாகியிருந்தது.

அடுத்த வாரம் லேப். 1976ல் இன்டெல் வெளியிட்ட 8085 சிப் வைத்த கிட். இரண்டு தசம எண்களைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். 25, 38 என்று கொடுத்தான். 63 வரவேண்டிய இடத்தில் '5டி' என்று வந்தது. கிட் ரிப்பேர் என்று முடிவே கட்டிவிட்டான்.

லேப் அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, 27 எங்க?" என்றார். 27 என்பது டி.ஏ.ஏ. என்ற கட்டளையின் எண். விட்டுப்போனது அந்த ஒரு பைட்தான்.

விஷயம் இதுதான். நான்கு பிட்டில் 0 முதல் 15 வரை அடங்கும். நமக்கோ 9 வரைதான் இலக்கம். 5ம் 8ம் சேர்ந்தால் 13. நாம் 3 எழுதி 1ஐ மீதி கொண்டுபோவோம். சிப் 16 வந்தால்தான் மீதி கொண்டுபோகும், அதனால் 13ஐ 'டி' என்று எழுதிவிட்டது. 16க்கும் 10க்கும் வித்தியாசம் 6. டி.ஏ.ஏ. அந்த 6ஐக் கூட்டியதும் 63 வந்துவிட்டது!

எதற்கு இப்படி ஒரு கட்டளை? பணத்துக்காகத்தான். பத்து பைசா, அதாவது 0.10 ரூபாய், பைனரியில் முழுசாக எழுத முடியாத எண். நம் கணக்கில் மூன்றில் ஒன்று 0.333 என்று போய்க்கொண்டே இருப்பதுபோல அதுவும் முடியாது. 1964ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360லேயே வணிகக் கணக்குக்குத் தனியாகத் தசமக் கட்டளைகள் இருந்தன.

துளி வித்தியாசம்தானே என்று விடமுடியாது. 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். அங்கிருந்த பேட்ரியாட் ஏவுகணைக் கம்ப்யூட்டர் நேரத்தை 0.1 விநாடியாக எண்ணியது. 24 பிட்டில் வெட்டப்பட்ட அந்த 0.1, சுமார் 100 மணி நேரத்தில் 0.34 விநாடி பிழையாக வளர்ந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

அன்று இரவு கடையில் அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னான். கல்லாவை எண்ணிக்கொண்டே கேட்டவர், "பத்து பைசா இடிச்சா எனக்கும் தூக்கம் வராதுடா" என்றார். கடைக்கு வா என்ற பேச்சை அன்று எடுக்கவில்லை.

செமஸ்டரில் 58. பெரிய மார்க் இல்லைதான், ஆனால் அரியர் இல்லை. மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் நண்பர்களே, ஒவ்வொரு கட்டளையிடமும் ஒரு தடவை "நீ எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நம்ம லெட்ஜரிலேயே இருக்கலாம்.